சி.எஸ்.இ.யா, இ.சி.இ.யா, பி.எஸ்சி.யா?

நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் காத்துக் கிடந்தவர்களுக்கு அந்தக் கணம் தெரியும். குவியலிலிருந்து ஒரு கை நெல்லை அள்ளி, ஈரப்பதம் பார்க்கும் மெஷினில் போடுவார்கள். தளர்வு அறிவிக்காத நாளில், திரையில் 17-க்கு மேல் எண் வந்தால் நெல்லைத் திரும்பக் காயப்போட வேண்டியதுதான்.

அந்த எண் எப்படி வருகிறது? ஈரம் கூடினால் நெல்லின் மின் தன்மை மாறும். அந்த மாற்றத்தை சர்க்யூட் அளக்க, உள்ளே இருக்கும் சிறு சிப் கணக்குப் போட்டு எண்ணாகக் காட்டுகிறது. இப்படி ஒரு கருவியை உருவாக்கக் கற்றுத்தருவது கம்ப்யூட்டர் இன்ஜினியரிங். நெல் விற்க விவசாயிகள் ஆன்லைனில் பதிகிறார்களே, அது வேறு வேலை. ஆயிரக்கணக்கான பெயர்கள் குழம்பாமல், ஒருவரே இருமுறை பதியாமல் பார்த்துக்கொள்ளும் வழியைத் தேடுவது கம்ப்யூட்டர் சயின்ஸ்.

நம் பொறியியல் கலந்தாய்வில் இவை தனித்தனியாக வருவது அரிது. பெரும்பாலும் இருப்பது பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் அண்ட் இன்ஜினியரிங். பெயரில் இரண்டும் உண்டு. பாடத்திட்டத்தில் சாஃப்ட்வேர்தான் அதிகம். பழைய ரேடியோவைப் பிரித்துப் பார்க்கும் பிள்ளைக்கு எலக்ட்ரானிக்ஸ் சார்ந்த இ.சி.இ.தான் பொருந்தும். ஊரே சி.எஸ்.இ. எடுக்கிறது என்று அந்தப் பிள்ளையையும் அதில் தள்ளுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

திருவாரூர் வீடுகளில் நடக்கும் வாக்குவாதமோ பி.இ.யா, பி.எஸ்சி.யா என்பதுதான். பி.இ. 4 ஆண்டு. கட்-ஆஃப் 200-க்கு, கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. பிளஸ் டூவில் கம்ப்யூட்டர் சயின்ஸில் நூறு வாங்கியிருந்தாலும் இந்தக் கூட்டலில் சேராது. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021 முதல் 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு. கலந்தாய்வில் அப்படி இடம் கிடைத்தால் கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே கட்டுகிறது. செலவுக்குப் பயந்து பி.இ.யைக் கைவிடும் பெற்றோர் இதை முதலில் விசாரியுங்கள்.

பி.எஸ்சி. 3 ஆண்டு. திரு.வி.க. அரசு கலைக் கல்லூரியில் வீட்டிலிருந்தே போய்ப் படிக்கலாம். பிறகு 2 ஆண்டு எம்.சி.ஏ., அல்லது கியூட் தேர்வு எழுதி நீலக்குடி மத்தியப் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. கணிதத்தில் பிடிப்புள்ள பிள்ளைக்கு இது குறைந்த வழியே அல்ல.

கலந்தாய்வில் விருப்ப வரிசை கொடுக்குமுன் பாடத்திட்டத்தை இறக்கி, மூன்றாம் செமஸ்டர் பாடங்களைப் பிள்ளையோடு உட்கார்ந்து படியுங்கள். அவகாசம் முடிந்தபின் வரிசையை மாற்ற முடியாது.