மோட்டாரை மாத்தாதீங்க... எண்ணெயை மாத்துங்க!

சுந்தரபாண்டியபுரம்னதும் என்ன ஞாபகம் வரும்? 1992-ல் வந்த 'ரோஜா' படம், ஆடி மாசம் கண்ணுக்கு எட்டுற தூரம் வரை விரியுற சூரியகாந்தி. கரெக்ட்! ஆனா பூவெல்லாம் அறுவடையாகி, தரை காய்ஞ்சு கிடக்கிற நாள்ல அதே வயல்தான் எங்க ரேஸ் டிராக். ஓடுறது, ரிமோட்ல இயங்குற குட்டி 'பக்கி' கார்!

எங்க செட்டுல ஒருத்தன் செகண்ட் ஹேண்ட்ல வாங்குன வண்டி அது. நிஜ காரில் எட்டில் ஒரு பங்கு சைஸ், நாலு சக்கரமும் இழுக்கும். நேர் ரோட்டுல புல்லட் மாதிரி போகும். வளைவு வந்தா பின்பக்கம் வழுக்கி, பம்பரமா சுத்தி, வந்த வழியையே பார்த்துட்டு நிக்கும். "ஏலே, பெரிய மோட்டார் போடுவோம்லே"ன்னு சேர்த்து வெச்ச காசை எடுக்கக் கிளம்பிட்டான். அதுக்கு முன்னாடி ஒரு தடவை பிரிச்சுப் பார்ப்போமேன்னு உட்கார்ந்தோம். பெருசா ஒரு செலவு மிச்சமாச்சு!

வில்லன் எங்கே இருந்தார்?

டிஃபரன்ஷியல்ல. லாரி ஒர்க்‌ஷாப்ல 'கிரவுன்'னு சொல்வாங்களே, அதேதான். வண்டி திரும்பும்போது வெளிச்சக்கரம் அதிக தூரம் ஓடணும். ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல 25 செ.மீ. இடைவெளின்னு வெச்சுக்குங்க. ஒரு 'யு' டர்ன் அடிச்சா வெளிச்சக்கரம் கிட்டத்தட்ட 79 செ.மீ. கூடுதலா ஓடணும். அதுக்கு ரெண்டு சக்கரமும் வேற வேற வேகத்துல சுத்த விடுறது டிஃபரன்ஷியல். எங்க வண்டியில பழைய ஓனர் பின் டிஃபரன்ஷியலுக்குள்ள கெட்டி கிரீஸை அமுக்கி வெச்சிருந்தார். ரெண்டு சக்கரமும் ஒட்டிப் பிறந்த மாதிரி ஒரே வேகத்துல சுத்துது. புழுதியில வழுக்காம என்ன செய்யும்?

எண்ணெய்க்கும் மார்க் உண்டு

இதுக்குள்ள ஊத்துறது சிலிகான் எண்ணெய். பாட்டில்ல 3000, 5000னு நம்பர் இருக்கும். நம்பர் ஏற ஏற எண்ணெய் கெட்டி. இருபது டிகிரி சூட்டுல தண்ணிக்கு 1, விளக்கெண்ணெய்க்கு சுமார் 1000. அதுக்காகப் பாட்டி வீட்டு விளக்கெண்ணெயை ஊத்திடாதீங்க. சூடு ஏறினா அது சீக்கிரம் நீர்த்துடும். சிலிகான் அவ்வளவு மாறாது.

நம்ம வண்டியில டிஃபரன்ஷியல் மூணு. முன்னால 5000, நடுவுல 7000, பின்னால 3000... இந்த 5-7-3 கூட்டணியிலதான் நிறைய பேர் ஆரம்பிப்பாங்க. அப்புறம் தரையைப் பார்த்து ஏத்தி இறக்கணும்.

முன்: எண்ணெய் லேசானா, ஆக்சிலரேட்டரை விட்டுட்டு வளைவுல நுழையும்போது வண்டி நல்லா திரும்பும். கெட்டியானா, பவர் கொடுத்துட்டே வெளியே வரும்போது முன்சக்கரம் நல்லா இழுக்கும்.

நடு: லேசானா, ஆக்சிலரேட்டரை அழுத்துறப்போ பவர் லேசா நிக்கிற முன்சக்கரம் பக்கம் போயிடும். வண்டி சாந்த சொரூபி! கெட்டியானா பின்சக்கரத்துக்குப் பவர் எகிறும். மேடு பள்ளத்துல அடக்குறது கஷ்டம்.

பின்: லேசானா வளைவுல பிடிப்பு. கெட்டியானா நேரா பாயும், புழுதியில வழுக்கும்.

நாங்க செஞ்சது இவ்வளவுதான். பின் டிஃபரன்ஷியலைக் கழட்டி, கிரீஸை வழிச்சு, துடைச்சு, உள்ளே குறுக்கா இருக்கிற பின் மூழ்குற அளவுக்கு 3000 ஊத்தினோம். காத்துக் குமிழ் மேலே வர விட்டோம். கிழிஞ்ச பேப்பர் கேஸ்கெட்டை மாத்தினோம், இல்லேன்னா எண்ணெய் ஒழுகிடும். சாயங்காலம் அதே வளைவு... வண்டி ரயில் தண்டவாளத்துல போற மாதிரி திரும்புது! நண்பன் வாய் திறக்கலை. காசைப் பத்திரமா பாக்கெட்ல வெச்சுக்கிட்டான்.

ரெண்டு டிப்ஸ்: ஒரு நேரத்துல ஒரு மாற்றம் மட்டும். மூணையும் ஒண்ணா மாத்தினா எது வேலை செஞ்சதுன்னே தெரியாது. ஒவ்வொரு ரவுண்டு நேரத்தையும் நோட்டுல எழுதுங்க. அப்புறம், மோட்டார் பினியனுக்கும் பெரிய பல்சக்கரத்துக்கும் நடுவுல ஒரு பேப்பர் துண்டை விட்டு மோட்டாரை இறுக்குங்க. பேப்பரை உருவினா சரியான இடைவெளி கிடைக்கும்.

இந்தக் குட்டி உலகத்துலயும் ஒரு ஷூமாக்கர் உண்டு. மைக்கேல் இல்லை, செசில்! காஸ்வொர்த்தில் வேலை பார்த்த இந்த இங்கிலாந்து இன்ஜினீயர்தான், குட்டி கார்களுக்கு வெளியிலிருந்தே இறுக்கித் தளர்த்துற 'பால் டிஃபரன்ஷியலை'க் கொண்டு வந்தவர்.

'விளையாட்டுச் சாமான் தானே'ன்னு வீட்டுல திட்டுறாங்களா? 'பாஹா' போட்டியைக் காட்டுங்க. 1976-ல் அமெரிக்காவில் தொடங்கி, 2007-ல் இந்தியாவுக்கு வந்த இந்தப் போட்டியில, மாணவர்களே ஆள் உட்கார்ந்து ஓட்டுற பக்கியைக் கட்டணும். பெட்ரோல் பிரிவுல எல்லா டீமுக்கும் ஒரே மாதிரி சின்ன இன்ஜின்தான். அப்போ ஜெயிக்கிறது யாரு? கியர் பாக்ஸையும் சஸ்பென்ஷனையும் புரிஞ்சவங்க!

வயல்ல கத்துக்கிட்ட பாடம் அங்கேயும் கை கொடுக்கும். என்ன, ஸ்குரூ டிரைவரை எடுத்தாச்சா?