கைக்குள் அடங்கும் ஓடம்

துறைமுகப் பட்டினத்தில் வாழ்வோர்க்கு 'ஓடம்' என்றதும் நீரில் மிதப்பதே கண்முன் தோன்றும். ஆயினும் தறியிலே பாவினூடே ஊடையைக் கொண்டுசெல்லும் கருவிக்கும் தமிழில் ஓடம் என்று பெயர் உண்டு. நாடா என்றும் அதனை வழங்குவர். ஜெர்மானிய மொழியிலும் இவ்வாறே சிறு ஓடத்தைக் குறிக்கும் சொல் நெசவுக் கருவியையும் குறிக்கின்றது. 'டற்றிங்' எனப்படும் முடிச்சுப் பின்னலுக்கு அவர்கள் இட்ட பெயரும் 'சிற்றோட வேலை' என்பதே. அப்பின்னலுக்குரிய ஓடத்தை வீட்டிலிருந்தே மரத்தாற் செய்ய விழைவோர் எதிர்கொள்ளும் இடர்களை இங்கே கூற விரும்புகின்றோம்.

காலி, வெலிகம முதலிய தென்னிலங்கை ஊர்களிற் பின்னப்படும் 'பீரளு' லேசுக்குத் திண்டும் ஊசிகளும் பல மரக்குச்சிகளும் வேண்டும். நாகர்கோவிலில் மால்ற் அம்மையார் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிற் பெண்களுக்குக் கற்பித்த லேசும் அவ்வகையினதே. டற்றிங்கோ ஓர் ஓடமும் ஒரு நூலுருண்டையும் பத்து விரல்களும் இருந்தால் நடைபெறும். ஆகவே கருவியின் குறை முழுவதும் அந்த ஒன்றின்மேலேயே வந்து விழுகின்றது.

ஓடத்தின் அமைப்பு எளியது. ஏறத்தாழ 2½ அங்குல நீளமும் ¾ அங்குல அகலமும் உள்ள, இலை வடிவான இரண்டு இதழ்கள்; அவற்றை நடுவிலே இணைக்கும் ஒரு கட்டை; அக்கட்டையில் நூலைக் கோக்க ஒரு துளை. மொத்தத் தடிப்பு அரை அங்குலத்தை விஞ்சலாகாது. பின்னுபவர் ஓடத்தைக் கையினின்றும் விடாமலே, விரலுக்கும் ஓடத்துக்கும் இடையே நூல் வழுக்கிச் செல்லுமாறு அதனைப் போக்கி வருகின்றார். தடித்த ஓடம் அங்கே இடறும். நூலைச் சுண்டி இழுத்ததும் முடிச்சு ஓட நூலிலிருந்து இடக்கை நூலுக்கு மாறவேண்டும். ஓட நூல் நேராக ஊடே நிற்கவேண்டும். இம்மாற்றம் நிகழாவிடின் முடிச்சு இறுகிப்போகும். வளையம் சுருங்க மறுக்கும். புதிதாகப் பழகும் பெண் தன் கையையே நொந்துகொண்டு பின்னலை மூலையில் எறிந்துவிடுவாள். கரடான ஓடத்தினால் நேர்ந்த பிழை கைப்பிழையாகக் கொள்ளப்படுவதே எமக்கு வருத்தந் தருவது.

இனி மரத்தைப் பார்ப்போம். எமது ஊரின் பெயரையே ஆங்கிலேயர் ஒரு மரத்துக்குச் சூட்டினர். சிங்களத்தில் ஹல்மில்ல என்றும் தமிழிற் சாவண்டலை என்றும் வழங்கும் அம்மரம் 'ட்ரிங்கோமலி வுட்' என வணிகர் ஏடுகளில் இடம்பெற்றது. சென்னைக் கரையின் அலைகளைத் தாண்டிய மசூலாப் படகுகளுக்கு அது பயன்பட்டதென்பர். சாராயப் பீப்பாய்களுக்கும் அதுவே சிறந்தது. கல்லூரி மலரில் இதற்குமேற் கூறுதல் தகாது. வளைந்து மீளும் இயல்பும் உளிக்கு இணங்கும் தன்மையும் அதற்கு உண்டு. முதிரை அழகிற் சிறந்தது. ஆனால் அதன் தூள் சிலருக்குத் தோலில் தடிப்பும் அரிப்பும் உண்டாக்குமாதலால், மூக்கையும் கைகளையும் மூடிக்கொண்டே அதனை அராவுதல் வேண்டும். கருங்காலி நீரில் அமிழுமளவு கனமானது. மெருகு நன்கேற்கும், ஆனால் மெல்லிய நுனி சட்டென்று உடையும். இவற்றுக்காகப் பசுமரத்தை எவரும் தேடவேண்டியதில்லை. பழைய கதவுச் சட்டத்திலோ உடைந்த நாற்காலிக் காலிலோ கையளவு துண்டு கிடைத்தாற் போதும். பல்லாண்டு உலர்ந்த அத்துண்டு புதுமரத்திலும் மேலானது.

இடர்களுள் தலையாயது நுனியே. இரு இதழ்களின் நுனிகளும் ஒன்றையொன்று மெல்லத் தொட்டுநிற்க வேண்டும். இடைவெளி இருந்தால் ஓடம் கைதவறியதும் நூல் முழுதும் அவிழ்ந்தோடும். அழுத்தம் மிகுந்தால் நூல் பஞ்சாகும். இதழை வளைவாகச் செதுக்கும்போது, மரத்தின் நார் நேராக ஓட, நாம் வெட்டும் கோடோ சாய்ந்து செல்கின்றது. நுனியில் நார் குறுகி, சிறு தட்டலிலே முறிந்துவிடும். ஆகவே நார் நீளவாட்டில் ஓடும் துண்டையே எடுத்து, வளைவைக் குறைத்து அமைத்தல் வேண்டும். சிரட்டை இயல்பாகவே வளைந்திருத்தலால் அதனை நாடுவோரும் உளர். ஆனால் அது நீளத்திலும் அகலத்திலும் ஒருங்கே வளைந்தது. ஒத்த இரண்டு இதழ்களை அதிலிருந்து எடுப்பது பொறுமையைச் சோதிக்கும்.

நடுக்கட்டையின் உயரமே நுனியின் அழுத்தத்தை நிர்ணயிக்கின்றது. கட்டையை ஓர் இழையளவு தேய்த்தால் நுனிகள் நெருங்கும். எனவே பசையிடுவதற்கு முன் மூன்று துண்டுகளையும் நூலாற் கட்டி, நுனியிடையே பின்னல் நூலை இழுத்துப் பார்த்தல் நன்று. 'டிக்' என்ற மெல்லொலியுடன் நூல் வெளிவந்தால் அளவு சரி. தேய்த்ததை மீண்டும் வளர்க்க எந்தத் தச்சனாலும் இயலாது.

எமது பருவக்காற்றுகளும் இவ்வேலையிற் குறுக்கிடுகின்றன. கச்சான் வீசும் மாதங்களில் உலர்ந்து சுருங்கும் மரம், வாடை மழையில் ஈரமுண்டு பருக்கும். நீளத்தில் அன்று, நாருக்குக் குறுக்கே. இதழ் ஒரு மரமும் கட்டை வேறொரு மரமுமாயின், ஆனியிற் பொருந்திய நுனி மார்கழியில் விலகக்கூடும். மூன்று துண்டுகளையும் ஒரே பலகையிலிருந்து, நார் ஒரே திசையில் ஓடுமாறு எடுத்தல் இதற்குப் பரிகாரம். பழைய வச்சிரப் பசையும் ஈரத்தில் இளகும். இக்காலத்து எப்பொக்ஸிப் பசை இளகாது.

மெருகிடும்போது வெளிப்புறத்தை மினுக்கி உட்புறத்தை மறப்பவரே பலர். நூல் உராய்வது உள்ளேதான். மெல்லிய குச்சியில் மணற்கடதாசியைச் சுற்றி, நுனியின் உள்விளிம்பைத் தேய்க்கவேண்டும். எண்ணெய் பூசினால் வெண்ணூலிற் கறை படியும். தேன்மெழுகைச் சிறிதளவு தடவித் துணியால் நன்கு துடைத்தால் அக்குறை நேராது.

முடிந்த ஓடத்தில் நூலைச் சுற்றி, நூல் நுனியைப் பிடித்துத் தொங்கவிடுக. அது தானாக இறங்காமல் நிற்கவேண்டும். மெல்ல இழுத்தால் இசைந்து வரவேண்டும். பின்னர் மெல்லிய பட்டுத்துணியொன்றை அதன் விளிம்பெங்கும் ஓட்டிப் பார்க்க. எங்கேனும் இழை சிக்குமாயின், அந்த ஓடத்தைக் கற்கும் பிள்ளையின் கையிற் கொடாது மறுபடியும் தேய்க்க எடுத்துவைக்க.