சீன மொழியில் ஜலதோஷத்தை அளப்பது

காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர் இருக்கிறது. சர்க்கரைக்கு ரத்தப் பரிசோதனை இருக்கிறது. ஜலதோஷத்துக்கு? மூக்கில் குச்சியை விட்டு மாதிரி எடுத்து என்ன வைரஸ் என்று சொல்லிவிடலாம். ஆனால் அந்த ஆள் எவ்வளவு அவதிப்படுகிறார் என்பதை அவர் வாயால் சொன்னால்தான் உண்டு. ஆகவே ஒரு மருந்து ஜலதோஷத்தைக் குறைக்கிறதா என்று பார்க்கும் ஆய்வுகள் பெரும்பாலும், நோயாளி ஒரு தாளில் வட்டம் போடும் எண்களை நம்பித்தான் நடக்கின்றன. தாளில் ஒரு சொல் பிசகினால், கேட்காத மருந்து கேட்பதாகத் தெரியலாம். கேட்கிற மருந்து குப்பைக்கும் போகலாம்.

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன், மருத்துவன் இல்லை. சீன மொழியும் அகராதி அளவில்தான். ஆனாலும் ஓர் இடத்தில் ஒழுங்காக ஓடுகிற ஒன்றை இன்னோர் இடத்துக்கு மாற்றிவிட்டு, "அங்கேயும் அதே வேலையைத்தான் செய்கிறதா?" என்று சோதிப்பது எனக்குத் தினப்படி வேலை. அந்த ஆர்வத்தில்தான் இதில் மாட்டிக்கொண்டேன்.

கேள்வித்தாளின் பெயர் விஸ்கான்சின் மேல் சுவாசப்பாதை அறிகுறிக் கேள்வித்தாள், சுருக்கமாக வர்ஸ். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் குடும்ப மருத்துவர் புரூஸ் பேரட்டும் அவருடைய குழுவினரும் 2002-இல் வெளியிட்டார்கள். அதற்கு முன் பலரும் பயன்படுத்தியது 1958-இல் ஜாக்சன் குழு வகுத்த எட்டு அறிகுறிப் பட்டியல். பேரட் குழு ஜலதோஷம் பிடித்தவர்களிடமே உட்கார்ந்து பேசி, அவர்கள் சொன்ன சொற்களிலிருந்து கேள்விகளை எடுத்தது. முதலில் 44 கேள்விகள். மூக்கொழுகிக்கொண்டு தினமும் அவ்வளவையும் யார் நிரப்புவது? பிறகு 21 ஆகக் குறைத்தார்கள். இன்று எவ்வளவு உடம்பு முடியவில்லை என்று ஒரு கேள்வி. மூக்கடைப்பு, தும்மல், இருமல் என்று 10 அறிகுறிகள். தூக்கம், வேலை, மற்றவர்களோடு பழகுவது என்று அன்றாட வாழ்க்கை பற்றி 9. கடைசியாக, நேற்றைவிட இன்று எப்படி என்று ஒன்று. முதல் இருபதுக்கும் 0 முதல் 7 வரை மதிப்பெண்.

இதைச் சீனத்துக்குக் கொண்டுபோகும் தேவை புரிந்துகொள்ளக் கூடியதுதான். ஜலதோஷத்துக்கான மூலிகைக் கலவைகள் அங்கே மருந்துக்கடைகளில் ஏராளம். அவற்றைச் சோதித்து உலகம் ஏற்கும்படி சொல்ல வேண்டுமானால், உலகம் ஏற்ற அளவுகோல் வேண்டும். வர்ஸுக்குச் சீன வடிவமும் வந்துவிட்டது. நான் இங்கே பேசப்போவது அந்த வடிவத்தின் குறைநிறைகளை அல்ல. இந்த மாதிரி வேலையில் எங்கே வழுக்கும் என்பதை மட்டும்.

வழக்கமான முறை இது. இரண்டு பேர் தனித்தனியாக மொழிபெயர்ப்பார்கள். இரண்டையும் ஒப்பிட்டு ஒன்றாக்குவார்கள். மூலத்தைப் பார்க்காத வேறொருவர் அதை மறுபடி ஆங்கிலத்துக்குக் கொண்டுவருவார். திரும்பி வந்தது மூலத்தோடு பொருந்துகிறதா என்று ஒரு குழு பார்க்கும். இந்தத் திருப்பி மொழிபெயர்க்கும் உத்தியைப் பரவலாக்கியது ரிச்சர்ட் பிரிஸ்லின் 1970-இல் எழுதிய கட்டுரை.

எங்கள் தொழிலிலும் இதே சோதனை உண்டு. தரவை ஒரு வடிவத்தில் எழுதி, திரும்பப் படித்து, போட்டது வந்ததா என்று பார்ப்போம். வந்துவிட்டால் ஒரு நிம்மதி. ஆனால் எழுதுகிற நிரலும் படிக்கிற நிரலும் ஒரே தப்பைச் செய்தால் சோதனை ஜோராகப் பாஸ் ஆகிவிடும். நான் இதில் ஒரு தடவைக்கு மேல் அடி வாங்கியிருக்கிறேன்.

வர்ஸில் "நெஞ்சு அடைப்பு", "தலை அடைப்பு" என்று இரண்டு அறிகுறிகள் உண்டு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'கன்ஜெஷன்' என்ற சொல். ஆங்கில–சீன மருத்துவ அகராதியைப் புரட்டினால் அதற்கு ஈடாக 'ச்சோங்ஷ்வே' கிடைக்கும். அப்படியே போட்டுவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். திருப்பி மொழிபெயர்ப்பவர் பார்ப்பார், 'கன்ஜெஷன்' என்றே எழுதுவார். நூற்றுக்கு நூறு. ஆனால் அந்தச் சீனச் சொல்லின் நேர்ப்பொருள் ரத்தம் நிறைவது. கண் சிவந்துபோனால் சொல்கிற சொல். சளி கட்டிய நெஞ்சோடு வந்தவர் "நெஞ்சில் ரத்தம் நிறைந்திருக்கிறதா?" என்ற கேள்வியைப் பார்த்தால் என்ன செய்வார்? பயப்படுவார், அல்லது பூஜ்யத்தில் வட்டம் போட்டுவிட்டுப் போவார்.

சரி, சாதாரண மக்கள் சொல்லாக 'ஷியோங்மன்' போடலாமே என்றால், அதில் வேறு சிக்கல். அது நெஞ்சில் ஒரு புழுக்கம், பாரம், மூச்சு முட்டுகிற மாதிரி. சளியாலும் வரும். இதயக் கோளாறாலும் வரும், மனக்கவலையாலும் வரும்.

இந்த இரண்டு பிழைகளும் தரவில் ஒரே மாதிரி தெரியாது என்பதுதான் எனக்குச் சுவாரசியமாகப்பட்டது. முதல் பிழை காட்டிக்கொடுத்துவிடும். எல்லாரும் பூஜ்யம் போட்டிருப்பார்கள், மற்ற கேள்விகளோடு அந்தக் கேள்விக்குத் தொடர்பே இருக்காது. இரண்டாவது பிழை சத்தமே போடாது. உடம்பு முடியாதவருக்கு நெஞ்சுப் பாரமும் அதிகம், களைப்பும் அதிகம், தூக்கமும் கெடும். எண்கள் அழகாக ஒத்துப்போகும். சளியை அளப்பதாக நினைத்துக் கவலையையும் சேர்த்து அளந்துகொண்டிருப்போம். புள்ளியியல் இதைத் தானாகப் பிடிக்காது. பத்துப் பேரை எதிரே உட்காரவைத்து, "இந்த வரியைப் படித்ததும் என்ன நினைத்தீர்கள்? உங்கள் சொல்லில் சொல்லுங்கள்" என்று கேட்டால்தான் தெரியும். இந்தப் படியும் வழிகாட்டு நெறிகளில் இருக்கிறது. ஆனால் கட்டுரைகளில் இதற்குக் கிடைக்கும் இடம் பெரும்பாலும் ஒரு பத்திதான்.

கேள்வியில் இருப்பதன் கதை இது. இல்லாததும் உண்டு. குளிர் தாங்காமல் போர்த்திக்கொள்ளத் தோன்றுவதைச் சீனத்தில் 'பா லெங்' என்பார்கள், 'குளிருக்குப் பயப்படுவது'. ஹான் அரசின் கடைசிக் காலத்தில் ஜாங் ஜோங்ஜிங் எழுதிய மருத்துவ நூலிலேயே இது நோயின் தொடக்கத்தைக் காட்டும் முக்கிய அடையாளம். வந்தது குளிர்க்காற்று வகையா, சூட்டுக்காற்று வகையா என்று பிரிக்கவும் பாரம்பரிய வைத்தியர்கள் இதைக் கேட்கிறார்கள். வர்ஸ்-21-இல் இது இல்லை. இன்ஃபுளுவென்சாவுக்காகப் பின்னால் வந்த வர்ஸ்-24-இல் தலைவலி, உடம்பு வலி, காய்ச்சல் சேர்ந்தன, இது சேரவில்லை. சீனப் பதிப்பில் மட்டும் ஒரு கேள்வியைச் சேர்த்தால் மொத்த மதிப்பெண்ணை மற்ற நாடுகளோடு ஒப்பிட முடியாமல் போகும். நானாக இருந்தால் அதைத் தனியாக, மொத்தத்தில் கூட்டாமல் கேட்பேன்.

எண்களிலும் ஒரு விஷயம். 1995-இல் சென், லீ, ஸ்டீவன்சன் மூவரும் ஜப்பான், தைவான், கனடா, அமெரிக்க மாணவர்களை ஒப்பிட்டார்கள். ஆசிய மாணவர்கள் அளவுகோலின் நடுவை அதிகம் தேர்ந்தெடுத்தார்கள். அமெரிக்கர்கள் ஓரங்களை. அதனால் விஸ்கான்சின் சராசரியையும் ஒரு சீன நகரத்துச் சராசரியையும் பக்கத்தில் வைத்து "அங்கே ஜலதோஷம் லேசானது" என்று சொல்வது ஆபத்து. ஒரே ஆய்வுக்குள் மருந்துக் குழுவையும் போலி மருந்துக் குழுவையும் ஒப்பிடுவதில் அவ்வளவு பிரச்சினை இல்லை.

அடுத்து, நம்பகத்தன்மை. கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கும் கிரோன்பாக்கின் ஆல்ஃபா (1951) எல்லாக் கட்டுரையிலும் வரும், 0.7-க்கு மேல் வந்தால் பரவாயில்லை என்பது வழக்கம். எனக்கு இதில் பெரிய மரியாதை இல்லை. ஜலதோஷத்தில் தொண்டை வலி முதலில் வந்து போய்விடும், இருமல் பின்னால் வந்து வாரக்கணக்கில் நிற்கும். அவை ஒன்றாக ஏறி இறங்க வேண்டும் என்று ஏன் எதிர்பார்க்க வேண்டும்?

இதைவிடக் கஷ்டமான கேள்வி: ஒரே ஆளிடம் இரண்டு முறை கேட்டால் ஒரே பதில் வருகிறதா? மூட்டுவலி மாதிரி நாள்பட்ட நோய் என்றால் ஒரு வாரம் விட்டுக் கேட்கலாம். ஜலதோஷத்தில் நாளைக்கே நிலைமை மாறிவிடும். பதில் மாறினால் தாள் சரியில்லையா, ஆள் தேறிவிட்டாரா? இங்கேதான் அந்தக் கடைசிக் கேள்வி கைகொடுக்கிறது. "நேற்று மாதிரியேதான்" என்று சொன்னவர்களை மட்டும் எடுத்து, அவர்களுடைய மதிப்பெண் எவ்வளவு ஆடுகிறது என்று பார்க்கலாம், அது இரைச்சல். "கொஞ்சம் தேவலை" என்றவர்களுக்கு எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்கலாம். அது உண்மையான மாற்றம். ஒரு மருந்து குறைந்தது எத்தனை புள்ளி இறக்கினால் நோயாளிக்கு உறைக்கும் என்ற கணக்கும் இதிலிருந்துதான் வருகிறது. ஆக, இருபத்தொன்றில் மிகக் கவனமாக மொழிபெயர்க்க வேண்டியது இந்த ஒரு வரி. இதில் 'கொஞ்சம்' என்பது 'ஓரளவு' ஆகிவிட்டால் மற்ற இருபதின் கணக்கும் ஆட்டம் கண்டுவிடும்.

அந்த வரியில் "என் ஜலதோஷம்" என்றும் வருகிறது. சீனப் பெருநிலத்தில் அதற்குக் 'கன்மாவ்'. இன்ஃபுளுவென்சாவின் முழுப்பெயரே 'பரவும் கன்மாவ்' என்பதால் பேச்சில் இரண்டும் கலந்துவிடும். ஹாங்காங்கில் ஜலதோஷத்தை, 'காற்றால் அடிபடுவது' என்ற பொருளில், வேறு சொல்லால் சொல்கிறார்கள். எழுத்து வடிவமும் வேறு. பெருநிலத்தில் எளிமையாக்கியது, அங்கே பழையது. கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்த பாட்டிக்கு நர்ஸ் தாளை வாசித்துக் காட்டினால், எழுதியிருப்பதை அப்படியே படிக்க மாட்டார், பேச்சுக் கான்டனீஸில் மாற்றித்தான் கேட்பார். அங்கே போகும் தாளில், நர்ஸ் வாய்விட்டுக் கேட்க வேண்டிய வரிகளையும் தனியாக எழுதிச் சோதித்துத்தான் கொடுக்க வேண்டியிருக்கும்.