தும்பும் கண்ணாடியிழையும் சேர்ந்தால்

ஊரில் ஏதாவது ஒரு தொழிலில் முதலிட வேண்டும் என்ற பேச்சு எழும்போது தென்னந்தும்பும் பனந்தும்பும் அடிக்கடி அதில் வந்துவிடுகின்றன. கயிறும் தும்புத்தடியும் செய்த காலம் போய், இனி அவற்றைக் கொண்டு காருக்கும் படகுக்கும் பாகங்கள் செய்யலாம் என்று சிலர் சொல்கிறார்கள். அதில் உண்மை உண்டு. ஆனால் எந்தப் பாகம், அதற்குள் தும்பை எங்கே வைப்பது என்பதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது.

இழையையும் பிசினையும் சேர்த்து உருவாக்குவதைக் கூட்டுப்பொருள் என்கிறோம். மண்சுவருக்கு வைக்கோல் போட்டுக் குழைத்ததும் இதே உத்திதான். காரைநகர் சீநோர் தளத்தில் கட்டப்பட்ட கண்ணாடியிழைப் படகுகளை எம்மவர் பலர் அறிவர். கண்ணாடியிழைப் பாயில் றெசினை ஊறவைத்து இறுகச் செய்தால் அந்த ஓடு கிடைக்கும். இழை பாரத்தைத் தாங்குகிறது; பிசின் இழைகளைப் பிடித்து வைத்து, ஒன்றிலிருந்து மற்றதற்குப் பாரத்தைக் கடத்துகிறது. ஒரே பிசினுக்குள் இயற்கை இழையையும் செயற்கை இழையையும் சேர்க்கும்போது அது கலப்பிழைக் கூட்டுப்பொருள் ஆகிறது.

ஏன் சேர்க்க வேண்டும்? கண்ணாடியிழையின் விறைப்பு ஏறக்குறைய 70 கிகாபஸ்கால். அடர்த்தி கனசென்ரிமீற்றருக்கு 2.5 கிராம். நாம் கடையில் வாங்கும் ஆளிவிதை காய்க்கின்ற இனத்துச் செடியின் தண்டு நார், நல்ல தரமாக இருந்தால், 50 கிகாபஸ்காலைத் தாண்டும்; அடர்த்தி 1.5 கிராம்தான். எடைக்கு எடை பார்த்தால் ஆளிநார் கண்ணாடியை வெல்லக்கூடும். தென்னந்தும்பின் கதை வேறு. அதன் விறைப்பு 4 முதல் 6 கிகாபஸ்கால் வரைதான். ஆனால் கண்ணாடி 3, 4 வீதம் நீள்வதற்குள் அறுந்துவிடும். தும்போ 15 வீதத்துக்கு மேலும் இழுபட்டுக் கொடுக்கும். ஆகவே தும்பைக் கண்ணாடிக்குப் போட்டியாகப் பார்ப்பது வீண். அது வேறு வேலைக்கான இழை. கண்ணாடியிழைத் தூள் தோலில் பட்டால் என்ன அரிப்பு என்பதை இங்கே கட்டட வேலையில் கண்ணாடிப் பஞ்சு அடித்தவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். தும்பில் அந்தத் தொல்லை இல்லை.

இனி அடுக்கும் முறை. இழுக்கும் விசைக்கு அடுக்கின் வரிசை அவ்வளவு முக்கியமில்லை. எந்த இழை எவ்வளவு என்பதே பெரும்பாலும் முடிவைத் தரும். வளைக்கும் விசை அப்படியல்ல. ஒரு பலகையை வளைத்தால் மேற்பரப்பு நெரிபடும், கீழ்ப்பரப்பு இழுபடும், நடுப்பகுதி கிட்டத்தட்டச் சும்மா இருக்கும். 10 மில்லிமீற்றர் தடிப்புள்ள ஒரேபொருள் பலகையில் மேலே 1, கீழே 1 மில்லிமீற்றர் என எடுத்தால் அது மொத்தப் பொருளில் ஐந்தில் ஒரு பங்கு. ஆனால் வளைவை எதிர்க்கும் விறைப்பில் ஏறத்தாழ பாதி அந்த இரண்டு தோல்களிலிருந்தே வருகிறது. விறைப்பான கண்ணாடியை வெளியிலும் தும்பை நடுவிலும் வைத்தால் அந்தப் பங்கு இன்னும் கூடும். அதே அளவு கண்ணாடியை நடுவில் புதைத்துவிட்டுத் தும்பை வெளியே வைத்தால் காசைக் கொட்டியதுதான் மிச்சம்.

வெளியே கண்ணாடி வைப்பதற்கு இன்னொரு காரணம் தண்ணீர். தும்பு எடுக்க மட்டையை மாதக்கணக்கில் தண்ணீரில் ஊறப்போடுவார்கள்; தும்பு இலகுவில் உக்காது. ஆனால் பிசினுக்குள் இருக்கும்போது உக்குவதல்ல, ஊதுவதுதான் பிரச்சினை. தாவர இழை தண்ணீரைக் குடித்து ஊதும், காய்ந்தால் சுருங்கும். பிசினோடு இருந்த பிடி அப்படியே விட்டுப்போகும். கண்ணாடித் தோல் இதைத் தாமதப்படுத்தும். வெட்டிய ஓரங்களும் துளைகளும் திறந்திருந்தால் தண்ணீர் அந்த வழியால் உள்ளே போய்விடும். நீர்த்த சோடியம் ஐதரொட்சைட்டில் இழையைக் கழுவினால் மேலுள்ள மெழுகு போய்ப் பிடி கூடும். அளவு மிஞ்சினால் இழையே பலவீனமாகிவிடும்.

ஐரோப்பாவில் இதைச் சரியாகப் பயன்படுத்திய ஓர் இடம் சைக்கிள். பாரிஸ்–ரூபே கல்பாவிய வீதிப் பந்தயத்தை மூன்று தடவை வென்ற பெல்ஜியக்காரர் யொகான் மூசியூவின் பெயரில் வந்த சைக்கிள்களில் காபன் இழையோடு ஆளிநாரும் சேர்க்கப்பட்டது. காபன் விறைப்பைத் தந்தது. அதிர்வை உறிஞ்சுவதில் ஆளிநார் அதைவிட மேல். கல்வீதியில் ஓடியவருக்கு அதன் அருமை தெரிந்திருக்கும்.

எங்கள் தும்புக்குப் பொருந்துவது எது? படகின் அடிப்பகுதியில் தொடங்குவது பொருத்தமில்லை என்பதே எமது கருத்து. எப்போதும் நனைந்திருக்கும், அலை அடிக்கும், உடைந்தால் உயிர் போகும். கதவுப் பலகை, அறைத் தடுப்பு, கதிரை இருக்கை, வாகனத்தின் உட்புறத் தகடு ஆகியவை நல்ல தொடக்கம். பனந்தும்பு என்றால் மரத்தின் எந்தப் பகுதியிலிருந்து எடுத்தது என்பதைப் பொறுத்தே பண்பு மாறும். ஒரே தரத்தில் தொடர்ந்து கிடைக்குமா என்பதை முதலில் பார்க்க வேண்டும். ‘இயற்கையானது, மண்ணோடு மண்ணாகிவிடும்’ என்ற விளம்பரத்தையும் நம்ப வேண்டாம். இறுகிய எபொக்சிக்குள்ளோ பொலியெஸ்டருக்குள்ளோ அகப்பட்ட தும்பு உக்காது. இரண்டு இழை கலந்திருப்பதால் பிரித்தெடுப்பதும் கடினம். கண்ணாடியின் அளவு குறைகிறது, எடை குறைகிறது, அவ்வளவே இலாபம்.

இப்படியொரு திட்டத்துக்குப் பணம் கேட்டு யாராவது வந்தால், சோதனைத் தாள்களைக் கேளுங்கள். வளைவுச் சோதனைக்கு ஐஎஸ்ஓ 14125, தண்ணீர் உறிஞ்சுவதற்கு ஐஎஸ்ஓ 62 என்று நியமங்கள் உண்டு. எத்தனை மாதிரிகள் உடைக்கப்பட்டன, எந்த அடுக்கு வெளியே இருந்தது, ஊறவைத்த பின் வளைவு வலிமை எவ்வளவு இறங்கியது என்று அதில் இருக்க வேண்டும். காய்ந்த பலகையின் இழுவை வலிமையை மட்டும் காட்டுபவரிடம், நனைந்த பலகையின் கணக்கோடு மீண்டும் வரச் சொல்லுங்கள்.