கரைவலைக் கணக்கு

தனுஷ்கோடியில் கரைவலை இழுப்பதைப் பார்க்க வேண்டுமானால் காலையிலேயே போய்விட வேண்டும். வல்லம் என்ற படகு ஒன்று வலையைக் கடலில் அரைவட்டமாக வளைத்துப் போட்டுவிட்டு வரும். கயிற்றின் இரண்டு முனையும் கரையில் இருக்கும். முனைக்கு ஓர் அணியாக நின்று இழுப்பார்கள். இழுக்க இழுக்க இரண்டு அணியும் மணலில் ஒன்றையொன்று நெருங்கி வரும். ஒரு பக்கம் முந்திவிட்டால் வலையின் பை போன்ற மடி கோணிக்கொள்ளும். நீரோட்டம் எந்தப் பக்கம் தள்ளுகிறது, எந்தக் கயிற்றைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும் என்று பார்த்துப் பார்த்து இழுப்பார்கள். மீன் கரையேறியதும் ஏலம். செலவைக் கழித்து, வலைக்கும் வல்லத்துக்கும் பங்கு ஒதுக்கி, மிச்சத்தைத் தலைக்கு இவ்வளவு என்று பிரிப்பார்கள். தாளும் இல்லை, பேனாவும் இல்லை. தன் அப்பாவுக்கு எவ்வளவு வரும் என்று பக்கத்தில் நிற்கும் பிள்ளைக்கும் தெரியும்.

அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் பின்னக் கணக்கில் தடுமாறினால் நாம் என்ன சொல்கிறோம்? ‘இவனுக்குக் கணக்கு வராது.’

இந்த மூன்று சொல்லை ஆராய்ச்சி எப்போதோ உடைத்துப் போட்டுவிட்டது. பிரேசிலில் ரெசிஃபே என்ற கடற்கரை நகரம். அங்கே தெருவில் தேங்காயும் பழமும் விற்ற ஐந்து பிள்ளைகளிடம் மூன்று ஆய்வாளர்கள் வாடிக்கையாளர்போலப் போய்க் கணக்குக் கேட்டார்கள். கேராஹர் தம்பதியும் அனலூசியா ஷ்லீமனும் செய்த இந்த ஆய்வு 1985-இல் வெளியானது. கடையில் வைத்துக் கேட்டபோது 98 சதவீதம் சரியான விடை. அதே வகைக் கணக்குகளைத் தாளில் வெறும் எண்களாக எழுதிக் கொடுத்தபோது அதே பிள்ளைகள் 37 சதவீதத்துக்கு இறங்கிவிட்டார்கள். ஒரு தேங்காய் 35 என்றால் பத்துத் தேங்காய் எவ்வளவு? பள்ளி சொல்வது, பூச்சியத்தைச் சேர். பன்னிரண்டு வயதுப் பையன் செய்தது வேறு. மூன்று தேங்காய் 105 என்பது அவனுக்கு மனப்பாடம். இன்னொரு மூன்று 210. இன்னும் மூன்று 315. மிச்சம் ஒன்று; ஆக 350. சுற்றுவழிதான், ஆனால் ஒவ்வோர் அடியும் அவனே வைத்த அடி.

இந்த ஆய்வைக் கணிதத்தில் சேர்ப்பதா, உளவியலிலா, கல்விச் சமூகவியலிலா? எதில் சேர்த்தாலும் மற்ற இரண்டும் கூடவே வரும். தமிழ்நாட்டில் இதற்கு நெருக்கமான வேலை சென்னை தரமணியில், கணித அறிவியல் நிறுவனத்தில் நடந்தது. அங்கே தர்க்கவியலிலும் கணினி அறிவியலிலும் ஆய்வு செய்த ஆர். ராமானுஜம், 2005-ஆம் ஆண்டுத் தேசியக் கலைத்திட்டத்துக்காகக் கணிதக் கல்வி பற்றிய தேசியக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். நம் கணக்குப் பாடத்திட்டம் உயரமாகவும் ஒல்லியாகவும் வளர்ந்திருக்கிறது, அதை அகலமாக்க வேண்டும் என்றது அந்தக் குழு. அதே நிறுவனத்தில் நியூட்ரினோ துகளை ஆராய்ந்த டி. இந்துமதி, சிறுவர் அறிவியல் இதழுக்கும் உழைத்தார். இவர்களைப் போன்றவர்களின் கல்வி வேலையை ஓய்வுநேரச் சேவை என்று பாராட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அதுவும் ஆராய்ச்சிதான்.

உயரமும் ஒல்லியும் என்றதும் எனக்குத் தனுஷ்கோடிதான் நினைவுக்கு வரும். ஒரு பக்கம் மன்னார் வளைகுடா, மறுபக்கம் பாக் நீரிணை, நடுவில் ஒரு மணல் விரல். 1914-இல் பாம்பன் பாலம் திறந்து, தலைமன்னாருக்குக் கப்பல் ஓடத் தொடங்கியதும் அந்த விரலின் நுனியில் ஓர் ஊர் எழுந்தது. ரயில் நிலையம், தபால் அலுவலகம், சுங்கச் சாவடி, பள்ளிக்கூடம், தேவாலயம். 1964 டிசம்பர் 22 இரவு புயலும் கடலும் சேர்ந்து அதை எடுத்துக்கொண்டன. பாம்பனிலிருந்து 115 பேரோடு வந்த பாசஞ்சர் ரயிலையும் சேர்த்து.

அந்த 1964-ஆம் ஆண்டை நான் அடிக்கடி திருப்பிப் பார்ப்பதுண்டு. புரோட்டானுக்குள்ளே இன்னும் சிறிய துகள்கள் இருக்கலாம் என்று இயற்பியலாளர்கள் கெல்மானும் ஸ்வெய்க்கும் சொன்னது அந்த ஆண்டில்தான். பின்னர் ஹிக்ஸ் துகள் என்று பெயர் பெற்றதைப் பற்றி ஹிக்ஸ் தன் புகழ்பெற்ற கட்டுரையை எழுதியதும் அதே ஆண்டு. பாரிஸில் சமூகவியலாளர்கள் பியர் பூர்தியூவும் பாஸ்ரோனும் பல்கலைக்கழக மாணவர்களைப் பற்றிய நூல் ஒன்றை வெளியிட்டார்கள். திறமை என்று பள்ளி மெச்சுவதில் பெரும்பகுதி வீட்டுச் சொத்தாக வந்தது என்று காட்டிய நூல் அது. இந்தியாவில் கல்விக் குழு அமைக்கப்பட்டதும் அந்த ஜூலையில்தான். அதன் தலைவர் டி. எஸ். கோத்தாரி கல்வியாளராகத் தொடங்கியவர் அல்ல. வெண்குறு விண்மீன்களை ஆராய்ந்த இயற்பியலாளர். எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவான அண்மைப் பள்ளி வேண்டும், தேசிய வருமானத்தில் ஆறு சதவீதம் கல்விக்கு வேண்டும் என்று அவர் தலைமையிலான குழு 1966-இல் எழுதிக் கொடுத்தது.

பூர்தியூ சொன்ன வீட்டுச் சொத்து என்ன என்று புரிய, நம்மூரிலேயே இரண்டு பேரை எடுத்துக்கொள்ளலாம். அல்லாடி இராமகிருஷ்ணன் 1923-இல் பிறந்தவர். அப்பா அல்லாடி கிருஷ்ணசுவாமி ஐயர், அரசியல் சட்ட வரைவுக் குழுவில் இருந்தவர். மகன், மயிலாப்பூரில் இருந்த தங்கள் ‘ஏகாம்ர நிவாஸ்’ வீட்டில் மாணவர்களைச் சேர்த்துத் துகள் இயற்பியல் கருத்தரங்கு நடத்தினார். 1960-இல் நீல்ஸ் போர் அங்கே வந்து பார்த்து வியந்து போனார். அந்தக் கூடத்திலிருந்துதான் 1962 ஜனவரி 3 அன்று கணித அறிவியல் நிறுவனம் பிறந்தது. அந்த வீடு ஒரு நிறுவனத்தையே நாட்டுக்குக் கொடுத்தது. அதை நன்றியோடுதான் சொல்கிறேன்.

இன்னொருவர் எட்டு ஆண்டு இளையவர். அப்பா மரப்படகு கட்டி, யாத்திரிகர்களை இராமேஸ்வரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் நடுவே ஏற்றி இறக்கியவர். பெயர் சொல்லாமலே தெரிந்திருக்கும். அப்துல் கலாமைப் பற்றிச் சொல்லிச் சொல்லித் தேய்ந்துவிட்டது என்று சிலர் நினைக்கலாம். ‘ஏழ்மையில் பிறந்து உழைத்து உயர்ந்தார்’ என்ற ஒற்றை வரிதான் தேய்ந்தது. அவரே சொல்லியிருக்கும் விவரங்கள் இன்னும் எடுத்து ஆராய வேண்டிய தரவாகக் கிடக்கின்றன.

ஐந்தாம் வகுப்பில் புதிதாக வந்த ஆசிரியர், கோயில் அர்ச்சகர் மகன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவரைப் பின்வரிசைக்கு மாற்றினார். அந்த அர்ச்சகர், லட்சுமண சாஸ்திரி, ஆசிரியரை வரவழைத்துக் கண்டித்தார். பிறகு ஒரு கணக்கு வாத்தியார், ஆண்டுக்கு ஐந்து பிள்ளைகளுக்கு இலவசமாகச் சொல்லிக்கொடுத்தவர். விடியற்காலை நாலு மணிக்குக் குளித்துவிட்டு வர வேண்டும். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இராமேஸ்வரத்தில் ரயில் நிற்காது. ஓடும் ரயிலிலிருந்து எறிந்த செய்தித்தாள் கட்டுகளைப் பொறுக்கும் வேலை. அதில் அவருடைய முதல் சம்பளம். ரயில் போன திசை தனுஷ்கோடி. அதன் பின் இராமநாதபுரத்தில் ஷ்வார்ட்ஸ் பள்ளி, திருச்சியில் செயின்ட் ஜோசப் கல்லூரி. அங்கேதான் அணுவுக்குள் இருக்கும் துகள்களையும், கதிரியக்கப் பொருளின் அரைவாழ்வுக் காலத்தையும் பேராசிரியர்கள் அவருக்குக் காட்டினார்கள்.

இதில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது ஒரு சின்ன இடம். கல்லூரியில் சேர்ந்தபோது அறிவியல் பட்டம் தவிர வேறு வழி இருக்கிறது என்பதே தெரியாது, படித்து முடித்த பிறகுதான் தன் விருப்பம் பொறியியல் என்று தெரிந்தது என்கிறார். கல்லூரி வரை வந்த பையனுக்கு வழி தெரியவில்லை. மயிலாப்பூர் வீட்டுக் கூடத்தில் அது யாரும் சொல்லாமலே தெரிந்திருக்கும். தெரிந்த பிறகும் சென்னைத் தொழில்நுட்ப நிறுவனத்துக்கு (எம்.ஐ.டி.) கட்ட வேண்டிய தொகை ஆயிரம் ரூபாய் அளவில் இருந்தது. அக்கா ஜோஹராவின் வளையலும் சங்கிலியும் அடகுக்குப் போயின. அர்ச்சகரோ, நாலு மணி வாத்தியாரோ, அக்காவோ, இந்தச் சங்கிலியில் ஒருவர் விலகியிருந்தாலும் கண்ணி அறுந்திருக்கும். அப்படிக் கண்ணி அறுந்த பிள்ளைகள் இந்தக் கரையில் எத்தனை பேர், எந்த வயதில், எந்த வகுப்பில்? கல்விச் சமூகவியல் கேட்க வேண்டிய கேள்வி இது.

துகள் இயற்பியலிலும் இப்படிக் கணக்கில் வராத ஆட்கள் வருகிறார்கள், வேறு உருவத்தில். சூரியனிலிருந்து புறப்படும் நியூட்ரினோக்கள், நம் நகம் அளவு இடத்தில் விநாடிக்கு 6,000 கோடிக்கும் மேல் ஊடுருவிப் போகின்றன. நமக்கு ஒன்றும் தெரிவதில்லை. அண்டக் கதிர்கள் காற்று மண்டலத்தில் மோதிப் பிறக்கும் நியூட்ரினோக்களும் உண்டு. 1965-இல் அவற்றைக் கோலார் தங்கவயலில், இரண்டு கிலோமீட்டருக்கும் அதிக ஆழத்தில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார் ஜப்பானிய, பிரிட்டிஷ் கூட்டாளிகளோடு பதிவு செய்தார்கள். உலகிலேயே முதல் பதிவுகளில் ஒன்று அது. அந்த ஆழம் வரை பாறையை வெட்டி இறங்கியவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர்கள், அவர்களில் பலர் தலித்துகள். ஆய்வுக் கட்டுரையில் அவர்கள் பெயர் வராது. வரவேண்டும் என்று நான் சொல்லவில்லை. அந்த ஆழம் யாருடைய கையால் கிடைத்தது என்று பாடப்புத்தகமாவது ஒரு வரி சொல்லலாம்.

தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில் 50,000 டன் இரும்புக் காந்தத்தோடு நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க 2015-இல் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்தது. மலைக்கும் நீருக்கும் என்ன ஆகும் என்று ஊர் அஞ்சியது, வழக்கு நடந்தது, 2022-இல் மாநில அரசும் உச்ச நீதிமன்றத்தில் எதிர்ப்பைப் பதிவு செய்தது. ஊர் மக்களின் அச்சத்தை அறியாமை என்று சொன்னவர்களை நான் ஏற்கவில்லை. மலை அவர்களுடையது, கேட்பார்கள். கிடைத்த பதிலை எடைபோடத் தேவையான இயற்பியல் அவர்கள் படித்த பள்ளியில் அவர்கள் மொழியில் அவர்களுக்குக் கிடைத்திருந்ததா என்பதுதான் எனக்குப் பெரிய கேள்வி. ஆய்வகத்துக்கு இடம் தேடும்போதே இதையும் தேடியிருக்க வேண்டும்.

தனுஷ்கோடியில் இன்று அரிச்சல்முனை வரை தார்ச்சாலை இருக்கிறது. சுற்றுலா வண்டிகள் வரிசையாக வந்து இடிந்த தேவாலயத்தைப் படம் எடுத்துவிட்டுத் திரும்புகின்றன. குடிசைகளில் மீனவக் குடும்பங்கள் வாழ்கின்றன. வாடைக் காற்றுக்கும் கச்சான் காற்றுக்கும் கடல் எப்படி மாறும் என்று அறிந்த, ஆழத்தைப் பாகம் என்ற அளவில் சொல்கிற பிள்ளைகள் அங்கே வளர்கிறார்கள். ரெசிஃபேயில் செய்ததுபோல இங்கே உட்கார்ந்து அவர்களிடம் கேட்க வேண்டும். தலைக்கு இவ்வளவு என்று எப்படிப் பிரித்தாய்? முதலில் எதைக் கழித்தாய்? மிச்சம் விழுந்தால் யாருக்கு? கேட்க வருபவர் பகல் வெயிலில் வந்து பயனில்லை. மடி கரையேறிப் பங்கு பிரியும் காலை வேளையில் வர வேண்டும். பல நாட்களில் பள்ளி மணி அடிப்பதும் அதே வேளையில்தான்.