காலையில் அடித்த சென்ட் மதியமே போயிடுதா? வாசனை நிற்பதன் ரகசியம் இதுதான்!

திருப்பூர் மாவட்டம் அமராவதி நகர் பக்கமிருந்து சின்னாறு வழியாக மலையேறினால் கேரளாவின் மறையூர். சந்தனக் காட்டுக்குப் பெயர் போன ஊர். நல்ல சந்தனக் கட்டையைப் பெட்டியில் போட்டு வைத்தால் வருஷக்கணக்கில் மணக்கும். ஆனால் காசு கொடுத்து வாங்கிய சென்ட் மட்டும் மதியச் சாப்பாட்டுக்குள் காணாமல் போகிறதே, ஏன்?

ஆவியாகும் வேகம்தான் காரணம்

மூக்கு வரை பறந்து வரும் மூலக்கூறுகளைத்தான் வாசனை என்கிறோம். லேசானவை சீக்கிரம் பறந்துவிடும். எலுமிச்சை, ஆரஞ்சுத் தோலில் உள்ள லிமோனீன் சுமார் 176 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். சந்தன எண்ணெயில் உள்ள சான்டலாலுக்கு சுமார் 300 டிகிரி வேண்டும்.

அதனால்தான் அடித்ததும் தூக்கலாக வரும் எலுமிச்சை வாசம் சில நிமிடங்களில் குறைகிறது. மல்லிகை, ரோஜா வாசம் சில மணி நேரம் இருக்கும். கடைசி வரை நிற்பது சந்தனம், வெட்டிவேர், சாம்பிராணி வகைகள்தான்.

கன்னோஜ் அத்தர் டெக்னிக்

உத்தரப் பிரதேசத்தின் கன்னோஜில் அத்தர் தயாரிப்பவர்களுக்கு இது பழகிய சூட்சுமம். பூக்களைச் செப்புப் பானையில் தண்ணீரோடு வேகவைத்து, வரும் ஆவியைச் சந்தன எண்ணெய்க்குள் இறக்குவார்கள். பறந்து போகிற பூ வாசத்தைச் சந்தனம் பிடித்து வைத்துக்கொள்ளும். சந்தனம் விலை ஏறியதால் இப்போது பலர் பாரஃபின் எண்ணெய் சேர்க்கிறார்கள்.

பாட்டிலில் என்ன பார்க்கணும்?

வாசனை எண்ணெயின் அளவு பொதுவாக இப்படி இருக்கும் (பிராண்டுக்கு பிராண்டு மாறும்):

• பர்ஃபம்: 20-30%
• ஓ டி பர்ஃபம்: 15-20%
• ஓ டி டாய்லெட்: 5-15%
• கொலோன்: 2-4%

ஆனால் சதவீதம் மட்டும் போதாது. எலுமிச்சை வாசமே பிரதானமாக உள்ள ஓ டி பர்ஃபமைவிட, சந்தனம் கலந்த ஓ டி டாய்லெட் அதிக நேரம் நிற்கலாம். விலையும் உத்தரவாதம் இல்லை.

எங்கே அடிக்கலாம்?

வறண்ட சருமத்தில் வாசனை சீக்கிரம் போகும். வாசனையில்லாத மாய்ஸ்சரைசர் தடவி, அதன் மேல் அடிக்கலாம். உடல் சூடு நேரடியாகப் படாததால் காட்டன் பனியன், சட்டையில் இன்னும் அதிக நேரம் நிற்கும். ஆனால் வெளிர் நிறத் துணியில் கறை பிடிக்கலாம், ஜாக்கிரதை. ஆல்கஹால் தீப்பற்றும் என்பதால் அடித்த உடனே அடுப்பு, விளக்குப் பக்கம் போகாதீங்க. பாட்டிலை வெயில் படாத இடத்தில் வையுங்கள்.

வாசனை நிஜமாவே போயிடுச்சா?

ஒரே வாசனை தொடர்ந்து வந்தால் மூக்கு பழகிவிடும். உங்களுக்குத் தெரியாவிட்டாலும் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரருக்குத் தெரியும். அதனால் திரும்பத் திரும்ப அடிக்காதீர்கள். ஆஸ்துமா, ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கு அது தொல்லை. சந்தேகம் என்றால் வீட்டில் யாரையாவது கேளுங்கள்.

அடுத்த முறை கடையில் டெஸ்டரை மணிக்கட்டில் அடித்ததுமே பில் போட்டுவிடாதீர்கள். இரண்டு, மூன்று மணி நேரம் கழித்து முகர்ந்து பாருங்கள். அப்போது மிச்சமிருக்கும் வாசனை பிடித்திருந்தால் மட்டும் வாங்குங்கள்!