பெரியப்பாவின் திரையில் நெளிந்த கோடு

"எழுத்தெல்லாம் வீங்கிக் கிடக்கும்மா. கோடு வேற நெளியுது."

பெரியப்பா தொலைபேசியில் சொன்னது அவ்வளவுதான். காலை நிகழ்ச்சியை முடித்துவிட்டு ஒலிபரப்பு அறையிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தேன். "அது டிரைவர் பிரச்சினை பெரியப்பா. ஞாயித்துக்கிழமை வந்து பார்க்கிறேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அந்த ஞாயிறு போகவில்லை. அடுத்த ஞாயிறு ஒரு கல்யாணம். மூன்றாவது ஞாயிறுதான் ஆயர் ஈத்தாமில் இருக்கும் அவருடைய அடுக்குமாடி வீட்டுக்குப் போனேன். அந்த மூன்று வாரத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பெரியப்பாவுக்கு வயது 75. இளவயதில் ஜார்ஜ்டவுனில் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர். ஈய எழுத்துகளைத் தலைகீழாகவே வாசிப்பார். 'ண'வுக்கு மூன்று சுழி, 'ன'வுக்கு இரண்டு சுழி என்பதை விரல் நுனியாலேயே கண்டுபிடித்துவிடுவேன் என்று பெருமை பேசுவார். ஐம்பது வயதுக்கு மேல் கணினி கற்றுக்கொண்டார். நம் நாட்டு முத்து நெடுமாறன் 1985-இல் உருவாக்கிய முரசு மென்பொருள்தான் அவருக்குத் தமிழ்த் தட்டச்சின் வாசல். இன்றும் 'அஞ்சல்' விசைமுறையில்தான் தட்டுகிறார்.

ஓய்வு பெற்ற பிறகு அவர் எடுத்துக்கொண்ட வேலை ஒன்று உண்டு. செபராங் பிறைப் பக்கம் அவர் பிறந்த ரப்பர் தோட்டம் இப்போது இல்லை. லயங்களை இடித்தாகிவிட்டது. அங்கே வாழ்ந்த 112 குடும்பங்களின் பட்டியலை அட்டவணை போட்டுத் தட்டிக்கொண்டிருக்கிறார். எந்த லயம், எத்தனையாவது கதவு, என்ன வேலை, எங்கே குடிபெயர்ந்தார்கள் என்று கட்டம் கட்டமாகப் போகும். நேரில் போய்க் கேட்டும், சாவு வீட்டில் சந்தித்தவர்களிடம் கேட்டும் சேர்த்த விவரம். எழுபத்தோராவது குடும்பத்தோடு வேலை நின்று போயிருந்தது. "கண்ணு வலிக்குது" என்றார் பெரியம்மா, அவருக்குப் பதிலாக.

பழைய கணினி மூச்சு விட்டுவிட்டதால், அண்ணன் ஒரு கடையில் இரண்டாம் கை மேசைக்கணினி வாங்கிக் கொடுத்திருந்தார். 24 அங்குலத் திரை. கடைக்காரர் உள்ளே இருந்ததையெல்லாம் அழித்துவிட்டுப் புதிதாக விண்டோஸ் போட்டுக் கொடுத்திருக்கிறார்.

திரையைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. வட்டமெல்லாம் முட்டையாக இருந்தது. 'ழ' தொந்தி போட்டிருந்தது. மெய்யெழுத்தின் புள்ளி பக்கத்தில் கரைந்து, 'அம்மன்' எது 'அம்மான்' எது என்று உற்றுப் பார்க்கத்தான் வேண்டியிருந்தது.

இதற்குக் காரணம் எளிமையான கணக்கு. அந்தத் திரையில் குறுக்கே 1920 படப்புள்ளிகளும் நெடுக்கே 1080 படப்புள்ளிகளும் இருக்கின்றன. மொத்தம் 20 லட்சத்துக்கும் மேல். தொழிற்சாலையிலேயே பதித்த புள்ளிகள் அவை, கூடாது, குறையாது. கணினியோ 1024-க்கு 768 என்ற அளவில்தான் படம் அனுப்பிக்கொண்டிருந்தது. அது 8 லட்சம்கூட இல்லை. இருக்கிற மாவைப் பெரிய கல்லில் இழுத்துத் தேய்த்த தோசை மாதிரி, திரை அந்தப் படத்தை இழுத்துப் பரப்புகிறது. அகலம் ஏறக்குறைய 1.9 மடங்கு, உயரம் 1.4 மடங்கு. அதனால்தான் எழுத்து குண்டாகவும் தெரிகிறது, மங்கலாகவும் தெரிகிறது. ஆங்கில எழுத்து இதை ஓரளவு தாங்கும். சுழியும் கொம்பும் புள்ளியுமாக இருக்கும் நம் எழுத்துக்குத் தாங்காது.

சரி, கணினி ஏன் குறைந்த அளவில் அனுப்புகிறது? விண்டோஸ் பொத்தானில் வலது சொடுக்கு செய்து 'டிவைஸ் மேனேஜர்' திறந்தேன். அதில் 'டிஸ்பிளே அடாப்டர்ஸ்' என்ற வரியை விரித்தால் 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்பிளே அடாப்டர்' என்று இருந்தது. உங்கள் வீட்டுக் கணினியிலும் இந்தப் பெயர் தெரிந்தால், உண்மையான கிராஃபிக்ஸ் டிரைவர் வேலை செய்யவில்லை என்று பொருள். டிரைவர் என்பது இயங்குதளத்துக்கும் கிராஃபிக்ஸ் சில்லுக்கும் நடுவே நிற்கும் மொழிபெயர்ப்பாளர். அவர் வராத நாளில் பேசிக் அடாப்டர் சைகையில் சமாளிக்கும். படம் வரும், ஆனால் திரையின் முழு அளவு பெரும்பாலும் பட்டியலிலேயே இருக்காது.

இதில் எனக்குச் சிரிப்பு வந்த இடம் ஒன்று. அந்தக் கணினிக்குள் இருந்தது இண்டெல் சில்லு. 1972-இல் இண்டெல் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையைத் திறந்தது இதே பினாங்குத் தீவில், பாயான் லெப்பாசில். எங்கள் அத்தையும் அந்தப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் 80-களில் நுண்ணோக்கியில் குனிந்தபடி மயிரிழைக் கம்பி ஒட்டியவர்தான். தீவே சில்லு செய்து பிழைக்கிறது, ஆயர் ஈத்தாமில் ஒரு சில்லுக்கு டிரைவர் இல்லை!

கணினியின் முதுகில் ஒட்டியிருந்த மாடல் எண்ணைப் பார்த்து, தயாரித்த நிறுவனத்தின் தளத்துக்கே போய் டிரைவரை இறக்கினேன். இதில் மட்டும் கவனமாக இருங்கள். 'உங்கள் டிரைவர் பழசாகிவிட்டது, இங்கே அழுத்துங்கள்' என்று இணையத்தில் கூவும் இலவச மென்பொருள்களை நம்பாதீர்கள். கணினி நிறுவனம், இல்லாவிட்டால் சில்லு நிறுவனம், இல்லாவிட்டால் விண்டோஸ் அப்டேட். இந்த மூன்றைத் தவிர வேறு கதவு வேண்டாம். புது டிரைவர் போட்டபின் நிலைமை மோசமானால், அதே டிவைஸ் மேனேஜரில் 'ரோல் பேக் டிரைவர்' உண்டு, பழையதற்குத் திரும்பலாம். திடீரென்று திரை உறைந்துபோனால் விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட் மூன்றையும் பிடித்துக்கொண்டு 'பி'யைத் தட்டுங்கள். டிரைவர் மட்டும் மறுபடி எழுந்து வரும், தட்டிய கட்டுரை போகாது.

டிரைவர் ஏறும்போது திரை இரண்டு முறை இருண்டது. பெரியம்மா "ஐயோ" என்றார். வெளிச்சம் வந்தபோது 1920-க்கு 1080. எழுத்து கத்தி மாதிரி நின்றது.

"இப்போ எறும்பு ஊர்ற மாதிரி இருக்கே" என்றார் பெரியப்பா.

இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். எழுத்து சின்னதாக இருக்கிறதென்று மறுபடி ரெசலூஷனைக் குறைப்பார்கள். மறுபடி மங்கும். அதைத் தொடவே கூடாது. 'டிஸ்பிளே செட்டிங்ஸ்' பக்கத்தில் 'ஸ்கேல்' என்று தனியாக இருக்கிறது. 100 விழுக்காட்டை 150 ஆக்கினேன். புள்ளிகள் அத்தனையும் வேலை செய்யும், எழுத்தும் பெரிதாகும். தேடல் பெட்டியில் 'கிளியர்டைப்' என்று தட்டினால் எழுத்தின் விளிம்பைக் கண்ணுக்கு ஏற்றபடி தேர்ந்தெடுக்கும் பக்கமும் வரும். அவரையே தேர்ந்தெடுக்கச் சொன்னேன்.

வேலை முடிந்ததென்று தேத்தண்ணீர்க் கோப்பையைக் கையில் எடுத்தேன். அவர் அட்டவணையைத் திறந்து வெகுநேரம் பார்த்தார்.

"எழுத்து நல்லா இருக்கும்மா. கோடுதான் இன்னும் நெளியுது."

கேபிளைக் கழற்றி மாட்டினேன். திரையின் அமைப்புகளைத் துழாவினேன். எனக்குக் கோடு நேராகத்தான் தெரிந்தது. கைப்பேசியில் திரையைப் படம் பிடித்தேன், படத்திலும் நேர். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த வகைத் திரையில் புள்ளிகள் வரிசை வரிசையாகப் பதித்தவை. டிரைவர் கெட்டால் படம் மங்கும், கிழியும், மினுக்கும், நிறம் மாறும். நேர்க்கோடு நடுவில் மட்டும் அலை மாதிரி வளையாது.

கைப்பேசிப் படத்தை அவரிடம் காட்டினேன். "இதுலயும் நெளியுது" என்றார். வாசலின் இரும்பு கிரில்லைப் பார்க்கச் சொன்னேன். ஒரு கண்ணை மூடுங்கள் என்றேன். இடது கண்ணால் பார்த்தபோது கம்பி நேர். வலது கண்ணால் பார்த்தபோது, "நடுவுல வளைஞ்சிருக்கு" என்றார். சொல்லிவிட்டு அவரே அமைதியாகிவிட்டார்.

எங்கள் வானொலியில் ஒருமுறை கண் மருத்துவர் ஒருவரைப் பேட்டி கண்டிருக்கிறேன். ஆம்ஸ்லர் கட்டம் என்ற சோதனையை அவர் விளக்கினார். நடுவில் ஒரு புள்ளி, சுற்றிலும் சதுரக் கட்டங்கள். ஒவ்வொரு கண்ணாக மூடிப் புள்ளியைப் பார்க்க வேண்டும். கோடு வளைந்தாலோ, கட்டம் காணாமல் போனாலோ, அது விழித்திரையின் மையமான மாக்குலாவில் கோளாறு என்பதற்கான அறிகுறி. நாள் தள்ளாமல் மருத்துவரிடம் போக வேண்டும். பெரியப்பாவின் அட்டவணையே ஆம்ஸ்லர் கட்டமாக இருந்திருக்கிறது. மூன்று வாரமாக.

மறுநாள் திங்கள் விடுப்பு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனேன். விழித்திரையை அடுக்கடுக்காகப் படம் எடுக்கும் கருவியில் பார்த்தார்கள். வயதோடு வரும் மாக்குலாச் சிதைவு, அதிலும் 'ஈர' வகை. விழித்திரைக்கு அடியில் வேண்டாத இரத்தக் குழாய்கள் முளைத்துக் கசிகின்றன. கண்ணுக்குள் ஊசி போட வேண்டும், முதலில் மாதம் ஒன்று. இழந்த பார்வை முழுதாகத் திரும்பும் என்று சொல்ல முடியாது, மேலும் இழக்காமல் நிறுத்தப் பார்க்கலாம் என்றார் மருத்துவர்.

"எவ்வளவு நாளா இப்படி இருக்கு, ஐயா?"

"புதுக் கம்ப்யூட்டர் வந்ததுலேர்ந்து. கம்ப்யூட்டர் கோளாறுன்னு பிள்ளை சொல்லுச்சு."

'பிள்ளை' நான்தான். மருத்துவர் என்னைப் பார்க்கவில்லை, குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். அவர் பார்த்திருக்கலாம் என்று தோன்றியது. தொலைபேசியில் அவர் சொன்னது இரண்டு புகார். ஒன்றுக்குப் பதில் தெரிந்த மிதப்பில் இரண்டாவதையும் அதே கணக்கில் எழுதிவிட்டேன். மங்கல் திரையுடையது, நெளிவு கண்ணுடையது. கண் சோதனைக்கு அவர் போகாமல் இருந்ததற்கு என் பதிலும் ஒரு காரணம்.

ஊசி இதுவரை மூன்று போட்டாயிற்று. கோடு கொஞ்சம் நிமிர்ந்திருக்கிறது என்கிறார். முழுதாக இல்லை. ஸ்கேலை இப்போது 175 ஆக்கி, பின்னணியைக் கறுப்பாக்கிக் கொடுத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை இரவுகளில் அவர் கையெழுத்துக் குறிப்பை நான் வாசிக்க, அவர் தட்டுகிறார். போன வாரம் எண்பத்து நான்காவது குடும்பம். வெட்டுக்காரர், மேல் லயம், ஆறாம் கதவு, பிறகு பட்டர்வொர்த். பெயரை நான் 'கண்ணன்' என்று வாசித்தேன்.

"ரெண்டு சுழியா, மூணு சுழியா? நல்லாப் பார்த்துச் சொல்லு" என்றார்.

குறிப்பை விளக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன்.